படைவீரர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்…

கணவர் எல்லையில் இருக்க, நிலத்தகராறு நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வரும். பதறாதீர்கள், கிடப்பில் போட்டுவிடவும் வேண்டாம். நோட்டீஸின் நகலை உடனே அவருக்கு அனுப்பி, படைப்பிரிவு அதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள். போர்முனை போன்ற சிறப்புப் பணியில் இருக்கும் வீரரின் சிவில் வழக்கை நிறுத்திவைக்கக் கோர 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இடம் தருகிறது. பலருக்கும் இது தெரியாதது பெரிய வேதனை.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். தயங்காமல் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை.