திரையும் விசைகளும் ஒருசேர அடங்கினால்

1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றியதால் உண்டான நமது காலடிப்பேட்டையில், இன்று மடிக்கணினி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கிடைத்தவையும், பின்னர் அவர்கள் சம்பாத்தியத்தில் வாங்கியவையுமாக அவை நிறைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட யந்திரம் ஒருநாள், பொத்தானை அமுக்கியதும் விசிறி சுழன்று விளக்கும் எரிந்து, திரை மட்டும் இருண்டு, விசைகளும் எதற்கும் அசைந்து கொடுக்காமல் நின்றுவிட்டால், வீட்டாரும் அயலாரும் ஏகமனதாக வழங்கும் தீர்ப்பு, "போர்டு போயிடுச்சு" என்பதே. சில வேளை அது மெய்தான். ஆனால் பரீட்சை ஒன்றும் செய்யாமல் பரண்மேல் ஏற்றப்பட்ட யந்திரங்களில் பல, வைத்தியத்துக்கு வசப்படக்கூடியவை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு அங்கங்கள் ஒரே சமயத்தில் செயலிழந்தால் அவற்றின் மூலமே கெட்டிருக்க வேண்டும் என்னும் தர்க்கம் மேற்பார்வைக்கு நியாயமானதுதான். திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள் கீல் வழியாக மேலேறுகிறது. விசைப்பலகையின் தட்டை நாடாவோ தனி வழியில் சென்று, போர்டின்மேல் உள்ள ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லை அடைகிறது. இரண்டும் கூடும் இடம் போர்டு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. ஆனால் அவை கூடுவதற்கு இடம் ஒன்று இருப்பதுபோல நேரமும் ஒன்று உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலைப் பைலட் வழிநடத்தி, வெளிக்கடல் வந்ததும் கேப்டன் பொறுப்பில் விட்டு இறங்கிவிடுவதுபோல, பொத்தானை அமுக்கிய முதற் சில விநாடிகளில் பயாஸ் என்னும் அடிப்படை நிரல் திரையையும் விசைகளையும் எளிய முறையில் இயக்கிவிட்டு, பிறகு விண்டோஸிடமோ லினக்ஸிடமோ அவற்றை ஒப்படைக்கிறது. ஒப்படைப்பு பிசகினால், இரண்டும் அந்த ஒரே கணத்தில் ஸ்தம்பித்துவிடக்கூடும். போர்டுக்கோ ஒரு குறையும் இராது.

ஆகையால் எது கெட்டது என்று கேட்பதற்கு முன், எப்போது அடங்கியது என்று கேட்பதே உசிதம். கம்பெனியின் சின்னம் தெளிவாகத் தோன்றி, பயாஸுக்குள் நுழையும் விசையும் வேலை செய்து, அதன் பிறகே இருள் சூழ்ந்ததென்றால், திரை, கேபிள், விசைகள் யாவும் பெரும்பாலும் நலமே. சந்தேகம் அண்மையில் செய்த அப்டேட்டின்மேலும் டிரைவரின்மேலும் விழ வேண்டும். இந்த நிலையில் விண்டோஸை சேஃப் மோடில் ஏற்றிப் பார்க்கலாம். அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் கூடவே வந்த பாஸ் லினக்ஸானால், துவக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்து ஏற்றினால் திரை மீள்வது உண்டு.

சின்னமே தோன்றவில்லையானால் விசாரணை வேறு வழியில் செல்ல வேண்டும். கேப்ஸ் லாக் விசையில் விளக்கு இருந்தால் அதை அமுக்கிப் பாருங்கள். ஒளி மாறி மாறி வருமானால் யந்திரம் உயிரோடு இருக்கிறது, இருண்டது திரை மட்டுமே. இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் பிடிக்கும்போது மங்கலாக உருவம் தெரிந்தால், கெட்டது பின்னொளி. வெளி மானிட்டரையும் யுஎஸ்பி விசைப்பலகையையும் இரவல் வாங்கி இணைத்துப் பார்ப்பது இவற்றினும் பிரயோஜனமான சோதனை. உள்ளே இருக்கும் விசைப்பலகை பல யந்திரங்களில் யுஎஸ்பி வழியை நாடுவதில்லை. ஆதலால் அது ஊமையானபோதும் வெளியிலிருந்து வந்தது பேசும்.

"அணைத்துவிட்டு மறுபடி போட்டேனே" என்பார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட் டவுன் என்பது முழு உறக்கமன்று. விரைவாக எழுந்திருக்க வேண்டி, கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டே படுக்கிறது. ஆகவே பிழையும் கூடவே எழுந்து வருகிறது. மெய்யான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட் கொடுக்கும்போதே நிகழ்கிறது. அதற்கும் வழியில்லாதபோது சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பாட்டரியானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தால், முன் சொன்ன கட்டுப்பாட்டுச் சில்லு தன் மயக்கம் தெளிவதுண்டு.

காந்தத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மூடி திறந்திருக்கிறதா என்பதை மடிக்கணினி அறிவது, திரையின் ஓரத்தில் உள்ள சிறு காந்தத்தாலும் அதை உணரும் உறுப்பாலுமே. ஒரு மடிக்கணினியை இன்னொன்றின்மேல் வைத்துத் திறந்தாலோ, காந்தக் கொளுவியுள்ள போன் உறை அருகில் கிடந்தாலோ, மூடியிருப்பதாக மயங்கித் திரையை அணைத்துவிடும். முழுவட்டம் மடங்கும் ரகத்தில், தான் பலகையாக மடிக்கப்பட்டதாக எண்ணி விசைகளையும் செயலற்றவையாக்கிவிடும்.

கடற்காற்று யந்திரத்தைத் தின்றுவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வது பாதி உண்மை. உப்புத் துகள் உலர்ந்திருக்கும்வரை அதனால் பெருந்தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டும்போதோ அது நீரை உறிஞ்சி உப்புநீராகி, நாடாக்களின் முனைகளை அரிக்கத் தொடங்குகிறது. நம் கடற்கரையில் அதிகாலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கழற்றித் துடைத்து மாட்டினாலே குணமாகும் முனைகள் பல. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் வெள்ளம் போன்ற சமயத்தில் நனைந்த யந்திரத்தை அரிசியில் புதைப்பதோ வீண் வேலை. அரிசி உப்பை எடுக்காது, மாவுத் தூசியைத்தான் உள்ளே விடும். நனைந்ததை ஆன் செய்யாமல், பாட்டரியைப் பிரித்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவத் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை.

கடைசியாக, "ஃபார்மட் போட்டால் சரியாகும், உள்ளே இருந்தது போனது போனதுதான்" என்னும் பேச்சு. சின்னமே வராத யந்திரத்தை ஃபார்மட் குணப்படுத்தாது. சான்றிதழும் கல்யாணப் படங்களும் இருப்பது தனி வட்டில். பெரும்பாலான மாடல்களில் அதைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் இட்டு வேறு கணினியில் படிக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் அத்தகைய பெட்டிகள் கிடைக்கும். புது விண்டோஸ் யந்திரங்களில் மட்டும் வட்டு பூட்டப்பட்டிருக்கலாமாதலால், 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாப்ட் கணக்கில் தேடி எடுத்துவிட்டே ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.