அலிப்பூரில் ஐப்பசி

அன்புள்ள வாசகருக்கு,

தஞ்சாவூரிலிருந்து கொல்கத்தாவின் அலிப்பூருக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது என்றும், போன குளிர்காலத்தில் பால்கனியில் வைத்த சாமந்தி ஆளுயரம் வளர்ந்ததே தவிர ஒரு மொட்டுகூட வைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கையிலிருக்கும் ஆங்கிலப் புத்தகம் இலையுதிர் காலத்தில் தோட்ட வேலையை முடித்துக்கொள்ளச் சொல்கிறதே, அப்படியே செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். மண் உறைந்துபோகும் ஊர்களுக்காக எழுதிய புத்தகம் அது. கொல்கத்தாவில் பூந்தோட்டம் தொடங்குவதே இப்போதுதான். நம் ஊர்க் கணக்கும் இங்கே உதவாது. அக்டோபர் நடுவாக்கில் தென்மேற்குப் பருவமழை வங்காளத்தைவிட்டு விலகும். கொஞ்ச நாளில் தஞ்சாவூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அங்கே தொட்டியில் தேங்கும் நீரை வடிக்கிற ஐப்பசியில்தான் இங்கே பெட்டூனியாவும் பிளாக்ஸும் விதைக்கிறார்கள். துர்கா பூஜை முடிந்த கையோடு நர்சரிகளில் டாலியா நாற்று வந்து இறங்கும். ஆடிப் பட்டம் தேடி விதைத்த கைக்கு இது பழகச் சற்று நாளாகும்.

சாமந்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: தெருவிளக்கின் வெளிச்சம் விடிய விடிய பால்கனியில் விழுகிறது என்று. காரணம் பெரும்பாலும் அதுதான். சாமந்தி குளிரைப் பார்த்து மட்டும் பூப்பதில்லை, இரவின் நீளத்தைப் பார்க்கிறது. இடையில் வெளிச்சம் படாத நீண்ட இருட்டு இரவுதோறும் கிடைத்தால்தான் மொட்டுக் கட்டும். நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கெரிந்தாலும் அந்தச் செடிக்கு அது குறுகிய இரவுதான். இலை விட்டுக்கொண்டே போகும். 1920இல் கார்னர், அலார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து, பகலிரவின் நீளம் பூப்பைத் தீர்மானிக்கும் என்பதை நிறுவினார்கள். பூ வியாபாரத்துக்காகச் சாமந்தி வளர்ப்பவர்கள், சந்தை நாளுக்கு ஏற்பப் பூப்பைத் தள்ளிப்போட இரவில் வேண்டுமென்றே விளக்குப் போடுகிறார்கள். உங்கள் பால்கனியில் அந்த வேலையைத் தெருவிளக்கு செய்திருக்கிறது.

ஆகவே உரத்தைக் கூட்டாதீர்கள், தொட்டியை இடம் மாற்றுங்கள். பகலில் வெயிலும் இரவில் முழு இருட்டும் உள்ள மூலை வேண்டும். சமையலறை விளக்கும் அங்கே எட்டக்கூடாது. பூஜை நாட்களில் தெருவெங்கும் சீரியல் விளக்குத் தொங்குமே, அப்போது இன்னும் கவனம் வேண்டும். மூலை கிடைக்காவிட்டால், பொழுது சாய்ந்ததும் கெட்டியான கறுப்புத் துணியால் மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். மொட்டு வந்தபின் பெரிய பூ வேண்டுமென்றால் நடுமொட்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். மனம் கேட்காதுதான், ஆனால் கிள்ளுங்கள்.

மழைக்காலம் முழுக்க அடிபட்ட தொட்டி மண் இறுகிக் கிடக்கும். வேர் அறாமல் மேல்மண்ணைக் கொத்திவிட்டு, மட்கிய சாணமும் கொஞ்சம் மணலும் சேருங்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஊற வைப்பது கடுகுப் புண்ணாக்கு. சில நாள் ஊறிய கரைசலை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர் விட்டு இளக்கி ஊற்றுகிறார்கள். நாற்றம் கடுமையாக இருக்கும்; மூடி வையுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மல்லிகைக்கு மட்டும் இப்போது எதுவும் ஊட்டாதீர்கள். அது ஓய்வெடுக்கும் பருவம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குக் கவாத்துச் செய்யச் சொல்கிறது நம் வேளாண் பல்கலைக்கழகம். வங்காளக் குளிருக்கும் அது பொருந்தும். கோடையில் பூத்துக் கொட்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை அவசியம் கவிழ்த்து வையுங்கள். மழை விட்டபிறகுதான் இந்த நகரத்தில் டெங்கு தலைதூக்குகிறது. கனமான தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க வேண்டாம். அக்டோபர் புயல் மாதமும்கூட: 1864 அக்டோபர் 5 அன்று அடித்த புயலில் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் சிப்பூர் தாவரவியல் பூங்கா ஏராளமான மரங்களைப் பறிகொடுத்தது.

அலிப்பூரில் குடியிருப்பவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1820இல் வில்லியம் கேரி தொடங்கிய இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அலிப்பூர் சாலையிலேயே இருக்கிறது. செராம்பூரில் பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டே செடி வளர்த்த மனிதர் அவர். சங்கம் குளிர்காலத்தில் நடத்தும் மலர்க் கண்காட்சிக்குக் காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள். பூத்த செடியைவிட, பூப்பதற்கு முன் அதை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மாலிகளிடம், அதாவது தோட்டக்காரர்களிடம், தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் பால்கனி எந்தத் திசை பார்த்தது என்று எழுதவில்லையே. தெற்கு என்றால் மார்கழி வெயில் நன்றாக உள்ளே விழும், தைரியமாக டாலியா வாங்கலாம். வடக்கு என்றால் டாலியாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். எனக்கு எழுதுங்கள், நிழலில் வரும் செடிகளைச் சொல்கிறேன்.

அன்புடன்,
தோட்டப் பகுதி எழுதுபவர்