தேன்சிட்டும் நம் இல்லத் தோட்டமும்

அமெரிக்காவில் குடியேறிய உறவினர் அனுப்பும் படங்களில், வீட்டின் பின்புறம் தொங்கும் சிவப்புப் புட்டியையும், அதன்முன் அந்தரத்தில் நின்று சர்க்கரை நீர் பருகும் சின்னஞ்சிறு பறவையையும் நம்முள் பலர் கண்டிருக்கலாம். அதனை ரீங்காரச்சிட்டு என்பர். ஓசனிச்சிட்டு என்பாரும் உளர். அங்குள்ள ஒருவகை ஏறக்குறைய 3 கிராம் எடையே உடையது. நொடிக்கு 50 முறை அளவில் சிறகடிக்கும் அச்சிற்றுயிர், குளிர்காலம் வருமுன் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து தெற்கே வலசை போகின்றது. வழிப்பயணத்திற்கு உதவும் என்றே அங்குள்ளோர் புட்டி கட்டுகின்றனர்.

இப்பொழுது அத்தகைய புட்டிகள் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன. மார்த்தாண்டத்தில் நம் வீட்டிலும் ஒன்று கட்ட வேண்டுமென்று பேரப்பிள்ளைகள் கேட்கின்றனர். கட்டலாமா என்பதை ஆராய்வோம்.

ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் முற்றத்தில் காண்பது தேன்சிட்டு. வளைந்த நீண்ட அலகும் பளபளக்கும் இறகும் கண்டு இரண்டையும் ஓரினம் எனக் கருதுதல் பொருந்தாது. முன்னது உழவாரன் குருவிக்கு உறவு. பின்னது காக்கை, சிட்டுக்குருவி முதலியன அடங்கிய பெரும் பிரிவைச் சார்ந்தது. பூவில் உணவு தேடும் வாழ்க்கையே இரண்டிற்கும் ஒத்த அலகை அளித்தது. மேலும், தேன்சிட்டு வலசைப் பறவையன்று. ஆண்டு முழுதும் நம்முடன் வாழ்வது.

ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தன் கருநீலப் பளபளப்பை இழந்து, மார்பில் ஒரு கருங்கோடு மட்டும் எஞ்ச, ஏனைய உடல் பெண்பறவை போல் மாறிவிடும். புதிய பறவை ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்ததென்று பிள்ளைகள் மகிழ்வர். அவர்கள் மகிழ்ச்சியை உடனே கலைத்துவிடாது, சில வாரங்கள் காத்திருந்து தாமே கண்டறியச் செய்தல் நன்று.

மெய்யாகவே விருந்தினராக வருவன வேறு. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் வரும் ஆறுமணிக்குருவி, மழைக்காலம் தொடங்கிப் பங்குனி வரை தோப்புகளில் தங்கும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அப்பெயர். அதற்குச் சர்க்கரைப் புட்டியால் பயனில்லை. சருகைப் புரட்டி இரை தேடும் பறவை அது. கொல்லைச் சருகைக் கூட்டி எரிக்காது ஒரு மூலையில் விட்டுவைத்தலே அதற்கு உபசாரம்.

இனி, புட்டிக்கு வருவோம். எம் ஊர் தேனீப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்றது. (இங்குள்ள தேனின் பெரும்பகுதி பூவினின்று வருவதன்று, ரப்பர் மரத்து இளந்தளிரின் காம்பில் ஊறும் இனிப்பு நீரே அது.) ஆதலின் புட்டியில் தேனையே ஊற்றலாமே என்பார் உளர். கள், ஊன், தேன் இவற்றை விலக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும், அது நிற்க. நீர் கலந்த தேன் விரைவில் புளித்துப் பூஞ்சை பற்றிப் பறவைக்கு நோய் தருமென்று, புட்டி கட்டும் நாட்டினரே விலக்குகின்றனர்.

அப்படியாயின் சிட்டு பூவில் தேன் குடிப்பது குற்றமாகாதா என்று ஒரு பிள்ளை வினவக்கூடும். தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் எழும் ஐயம் இது. பூவில் ஊறுவது செடி தன் மகரந்தத்தைச் சுமந்து செல்வார்க்கு அளிக்கும் கூலி. அடையில் இருப்பது தேனீக்கள் தம் குடிக்கெனச் சேர்த்த உணவு. எடுப்பதால் யார் இழக்கின்றனர் என்பதே வேறுபாடு.

சர்க்கரை நீராயின்? ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்பது அவர்கள் கணக்கு. நம் வெப்பத்தில் அது மிக விரைவில் கெடும். நாள்தோறும் கழுவி மாற்றல் வேண்டும். அதனினும் பெரிய இடர், இனிப்பை நாடி வரும் எறும்பும் தேனீயும் அதில் விழுந்து மடிதல். ஐயறிவுயிர் ஒன்றைக் கண்டு களிக்க மூவறிவுயிரும் நாலறிவுயிரும் மாளும் பொறியை நம் கையாலேயே கட்டித் தொங்கவிடுவதில் எமக்கு உடன்பாடில்லை.

அதற்கு மாறாகத் தெற்றிப்பூவும் செம்பருத்தியும் வேலியோரம் வையுங்கள். குலை தள்ளிய வாழையின் கூம்பை உடனே ஒடிக்காது சில நாள் விட்டால், காலையில் சிட்டுகள் தவறாது வரும். முருங்கைப் பூவிற்கும் வரும். மாமரத்துப் புல்லுருவியை அடியோடு அழிக்காது ஒரு கொத்து விட்டாலும் அதன் பூவை நாடும். மரத்திற்குச் சிறிது இழப்புண்டு, ஆயினும் தாங்கும்.

ஒட்டடையைப் பற்றியும் கூற வேண்டும். பெண் சிட்டு சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்துப் பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். திண்ணை மின்கம்பியிலும் கொடிக்கயிற்றிலும்கூடக் கட்டும். பெரும்பாலும் 2 முட்டைகள். அடைகாத்தலும் குஞ்சு பறத்தலும் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். குஞ்சுகளுக்குத் தாய்தந்தையர் சிறு பூச்சியும் சிலந்தியும் ஊட்டுவர். இது கண்டு முகம் சுளிக்கும் பிள்ளையிடம், நோன்பு ஏற்றவர் நாம், சிட்டு அன்று என்று சொன்னாற் போதும்.

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முறைப்படி, கூட்டைத் தொடாமல் பத்தடி தொலைவில் அமர்ந்து பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும்: எந்நேரம் வந்தது, ஆணா பெண்ணா, எப்பூவில் அமர்ந்தது, அலகில் என்ன இருந்தது. குஞ்சுகள் பறக்கும் வரை அந்தக் கொடிக்கயிற்றில் துணி உலர்த்த வேண்டாம்.