லேசர் பட்டால் மறைவு போய்விடுமா?

மேசைமேல் மினியேச்சர் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுகளில் அதிக வாக்குவாதம் எழுவது இரண்டு இடங்களில்: சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கு என்ன சலுகை, குறி காட்டும் லேசர் அந்தச் சலுகையை எவ்வளவு பறிக்கும். 'வார்ஹாமர் 40,000', 'பேட்டில்டெக்' ஆகிய இரண்டையும் வைத்து, அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: மறைவில் நின்றால் குறி தவறும்.

உண்மை: எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. 2023-இல் வந்த வார்ஹாமர் 10-ஆம் பதிப்பில் மறைவுக்கும் குறி தவறுவதற்கும் தொடர்பே இல்லை. சுடுபவர் வழக்கம்போலத்தான் உருட்டுகிறார். குண்டு பட்ட பிறகு, கவசம் தாங்குமா என்று பார்க்கும் உருட்டலில்தான் +1 கிடைக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைக்கும் வீரன் மறைவில் 3 விழுந்தாலே பிழைப்பான். ஆறில் மூன்று முறை தோற்ற கவசம் இப்போது ஆறில் இரண்டு முறைதான் தோற்கும்.

பேட்டில்டெக்கில் கதை வேறு. அங்கே பாதி உடல் மறைந்த 'மெக்' இயந்திரத்தைச் சுட, இரண்டு பகடையில் வர வேண்டிய எண் ஒன்று கூடும். 8 தேவைப்பட்டது 9 ஆகும். 36-இல் 15 வாய்ப்பு 10 ஆகச் சரியும். அதோடு, காலில் விழ வேண்டிய அடியை முன்னால் இருக்கும் மேடோ சுவரோ வாங்கிக்கொள்ளும். பதிலுக்கு, காலில் பொருத்திய ஆயுதங்களை அந்த மெக் சுட முடியாது.

நம்பிக்கை: மறைவு எப்போதும் லாபம்தான்.

உண்மை: வார்ஹாமரின் அதே பதிப்பில், 3 விழுந்தாலே பிழைக்கும் கனமான கவசக்காரருக்கு, கவசத்தைத் துளைக்கும் திறனில்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு எதிரே மறைவால் ஒரு பயனும் இல்லை. துளைக்கும் ஆயுதம் எதிரே வந்தால்தான் அவருக்கு அந்த +1 வேலை செய்யும்.

பேட்டில்டெக்கின் பழைய விதி இன்னும் வேடிக்கை. பாதி மறைவுக்கு அன்று +3. அதாவது 8 தேவைப்பட்ட இடத்தில் 11, 36-இல் 3 வாய்ப்பு. ஆனால் அதையும் மீறிப் பட்டுவிட்டால், அடி விழும் இடத்தைக் கைக்குத்துக்கான அட்டவணையில் ஒரே பகடையால் தீர்மானிப்பார்கள். அதில் 6 விழுந்தால் தலை. வெட்டவெளியில் நிற்கும் மெக்கின் தலையில் அடி விழ 36-இல் 1 வாய்ப்பு. மறைந்து நின்றவனுக்கோ 6-இல் 1. விமானி அமர்ந்திருப்பது அந்தத் தலைக்குள்தான். பிந்தைய விதிநூல்களில் இது மாறிவிட்டது என்றாலும், பழைய புத்தகத்தோடு ஆடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: லேசரால் குறித்துவிட்டால் சுவர் இருந்தும் இல்லாததுபோல்.

உண்மை: வார்ஹாமரில் லேசர் குறிக்குப் பெயர்போனது டாவ் படை. அவர்களுடைய கருவி 'மார்க்கர்லைட்'. 10-ஆம் பதிப்பில் ஒரு யூனிட் எதிரியைக் காட்டிக்கொடுக்க, இன்னொன்று சுடும். காட்டிக்கொடுப்பவரிடம் மார்க்கர்லைட் இருந்தால் எதிரியின் மறைவுச் சலுகை போகும். போவது அந்த +1 மட்டுமே. வீரன் போட்டிருக்கும் கவசம் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், காட்டிக்கொடுப்பவர், சுடுபவர் இருவர் கண்ணுக்கும் எதிரி தெரிய வேண்டும். முழுதாகச் சுவருக்குப் பின்னால் போய்விட்டவனை இந்த விதியை வைத்துச் சுட முடியாது.

நம்பிக்கை: குறி காட்டும் லேசர் எல்லா ஆயுதங்களையும் கூர்மையாக்கும்.

உண்மை: பேட்டில்டெக்கில் 'டேக்' என்ற லேசர் கருவியின் எடை ஒரு டன். அது யாரையும் காயப்படுத்தாது, மெக்கைச் சூடாக்காது. அது பயன்படுவது அந்த ஒளியைப் பின்தொடரத் தெரிந்த ஏவுகணைகளுக்குத்தான்: 'ஏரோ 4' வழிகாட்டு ஏவுகணை, பாதி வழிகாட்டுதல் கொண்ட நெடுந்தூர ஏவுகணை போன்றவை. பக்கத்தில் நிற்கும் தோழரின் பீரங்கிக்கு அதனால் ஒரு புள்ளியும் கிடைக்காது. மேலும், டேக்கும் ஒரு ஆயுதம்போலவே பகடை உருட்டிப் பட வேண்டும். எட்டும் தூரம் 15 அறுகோணக் கட்டம், அதாவது 450 மீட்டர். பலர் இதோடு குழப்பிக்கொள்ளும் 'டார்கெட்டிங் கம்ப்யூட்டர்' வேறு கருவி. அது நேராகச் சுடும் ஆயுதங்களுக்கு ஒரு புள்ளி தரும், ஏவுகணைகளுக்குத் தராது.

நிஜப் போர்க்களத்திலும் லேசருக்கு இப்படி எல்லை உண்டு. குறி காட்டும் லேசர் சினிமாவில் வரும் சிவப்புக் கோடு அல்ல. பெரும்பாலும் 1,064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இலக்கில் பட்டுச் சிதறும் அந்த ஒளியைத்தான் குண்டு தேடிப் போகிறது; நடுவில் மேகமோ புகையோ வந்தால் தடம் தொலையும். வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1972 ஏப்ரல் 27-இல் தாக்கப் போன அமெரிக்க விமானங்கள், மேகத்தால் லேசர் குண்டுகளைப் பயன்படுத்த முடியாமல் டி.வி. கேமரா வழிகாட்டும் குண்டுகளை வீசின, பாலம் விழவில்லை. மே 13-இல் வானம் தெளிந்திருக்க, லேசர் குண்டுகள் அதைச் சாய்த்தன.

நம்பிக்கை: மேசையில் லேசர் பாயின்டர் ஒளி எதிரி பொம்மைமேல் பட்டால் சுடலாம்.

உண்மை: பார்வைக்கோட்டைச் சரிபார்க்க நூல் பிடிப்பதைவிட லேசர் வசதிதான். ஆனால் ஒளிக்கு விதிநூல் தெரியாது. 10-ஆம் பதிப்பில் இடிந்த கட்டடத்தின் அந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது என்பது பொது விதி. சுவரில் ஜன்னல் இருந்து, ஒளி அதன்வழியே போய் எதிரியின் நெஞ்சில் விழுந்தாலும் அது கணக்கில் வராது. பேட்டில்டெக் அட்டையிலோ வனத்தைக் கட்டம் கட்டமாக எண்ணுகிறார்கள்: அடர்த்தி குறைந்த வனம் 1, அடர்ந்த வனம் 2, இடையில் கூட்டுத்தொகை 3 ஆனால் பார்வை அடைபட்டுவிடும். அங்கே பாயின்டருக்கு வேலையே குறைவு.

ஆகவே சண்டை வந்தால் 'மறைவு உண்டா இல்லையா' என்று கேட்டுப் பயனில்லை. எதிரி தெரிகிறானா, குறி படுகிறதா, பட்டால் எங்கே, கவசம் தாங்குமா என்று வரிசையாகக் கேளுங்கள். மறைவும் லேசரும் இவற்றில் எந்தக் கேள்வியைத் தொடுகின்றன என்று விதிநூலில் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வழக்கம்போல் உருட்டுங்கள்.