சர்வர் பூட் ஆகலையா? கடைசி வரியைப் படிங்க!

நம்மில் பலர் இன்பிளான்ட் ட்ரெயினிங், இன்டர்ன்ஷிப்னு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போறவங்க. அங்கே சிப்காட் தொழிற்சாலைகளில் பார்கோடு ஸ்கேன், சீரியல் நம்பர், டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் போய்ச் சேர ஒரு சர்வர் வேணும். அதில் லினக்ஸ் ஓடுவது சகஜம். புதுசா லினக்ஸ் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்ததும் சர்வர் எழுந்திருக்கலைன்னா, அடுத்த ஷிப்ட் தொடங்குவதற்குள் சரி செய்தாகணும்.

அப்போ எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, "இன்னொரு தடவை இன்ஸ்டால் பண்ணிடலாம்" என்பதுதான். கொஞ்சம் பொறுங்க. காரணம் தெரியாம மறுபடி போட்டா அதே பிழை திரும்ப வரும். டிஸ்கில் பழைய டேட்டா இருந்தா அதுவும் போயிடும்.

பூட் என்பது நாலு பேர் ஓடும் ரிலே ரேஸ் மாதிரி. ஃபர்ம்வேர், கிரப், கெர்னல், சிஸ்டம்டி என்று குச்சி கைமாறும். யார் கையில் நின்றது என்பதைத் திரையின் கடைசி வரி சொல்லிடும்.

1. ஃபர்ம்வேர்

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் கிரப் வரைக்கும் விஷயம் போகவே இல்லை. பூட் ஆர்டரைப் பாருங்க. அடுத்து, இன்ஸ்டால் செய்தபோது யுஎஸ்பி எந்த மோடில் பூட் ஆனது, பயாஸா யுஇஎஃப்ஐயா? இப்போ சர்வர் எந்த மோடில் இருக்கு? இரண்டும் ஒன்றாக இருக்கணும். யுஇஎஃப்ஐ என்றால் ஃபேட்32-இல் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் அவசியம். ஜிபிடி டிஸ்கை பயாஸ் மோடில் பூட் செய்ய, கிரப்புக்கு 1 எம்பி அளவில் தனி பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேணும்.

2. கிரப்

"கிரப் ரெஸ்க்யூ" என்று கர்சர் நின்றால், கிரப் வந்துடுச்சு, ஆனா தன் மாட்யூல்கள் இருக்கும் இடம் அதுக்குத் தெரியலை. வெறும் "கிரப்" என்று மட்டும் நின்றால், பெரும்பாலும் கான்ஃபிக் ஃபைல் கிடைக்கலை.

3. கெர்னல்

"கெர்னல் பேனிக், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை" என்றாலோ, இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விழுந்தாலோ, கெர்னல் ஓடுது, டிஸ்க்தான் கிடைக்கலை. ரெய்டு கார்டின் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லாமல் இருக்கலாம், அல்லது யுயுஐடி மாறியிருக்கலாம்.

4. சிஸ்டம்டி

90 விநாடி காத்திருந்துவிட்டு "எமர்ஜென்சி மோட்" வந்தால், முதலில் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறங்க. இல்லாத டிஸ்குக்கு அதில் ஒரு வரி இருக்கும். ஜர்னல்சிடிஎல் அதன் பெயரையே காட்டும்.

மெசேஜ் எதுவும் தெரியலையா? கிரப் மெனுவில் ஆங்கில "இ" எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் "கொயட்", "ஸ்பிளாஷ்" இரண்டையும் நீக்கிட்டு, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்க.

இந்த முறை நிஜத்தில் எப்படி உதவும்? 2020 ஜூலை 29 அன்று கிரப்பில் "பூட்ஹோல்" என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. ரெட்ஹேட் உடனே அப்டேட் கொடுத்தது. அதைப் போட்ட பல ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் ரீஸ்டார்ட் ஆனதும் அப்படியே நின்றுவிட்டன. கிரப் மெனுகூட வரலை. நம்ம கணக்குப்படி குச்சி ஃபர்ம்வேருக்கும் கிரப்புக்கும் நடுவில் விழுந்திருக்கு. அந்த இடத்தில் ஓடுவது ஷிம் என்ற சின்ன புரோகிராம். கோளாறும் அதில்தான்! ரெஸ்க்யூ மோடில் நுழைந்து ஷிம், கிரப் பேக்கேஜ்களைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கினால் சர்வர் எழுந்துவிட்டது. டேட்டாவை யாரும் தொட வேண்டியிருக்கலை.

அந்த ரெஸ்க்யூ வழி எல்லா சர்வருக்கும் பொதுவானது:

- லைவ் யுஎஸ்பியை, இன்ஸ்டால் செய்த அதே மோடில் பூட் செய்யுங்க.
- எல்விஎம் இருந்தா வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்யுங்க.
- ரூட், பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்களை அதே வரிசையில் மவுண்ட் செய்யுங்க.
- டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் ஆர்பைண்ட் செய்து, சிஹெச்ரூட் கொடுங்க. இப்போ நீங்க உங்க சர்வருக்குள்ளேயே இருக்கீங்க.
- உபுண்டு, டெபியன் என்றால் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்.
- ரெட்ஹேட் குடும்பத்தில், யுஇஎஃப்ஐ என்றால் கிரப்2-இன்ஸ்டால் ஓட்டாதீங்க. ஷிம், கிரப் பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்யுங்க. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு ட்ராகட்.

ஒரு பயிற்சி. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு சர்வர் போட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க. எஃப்எஸ்டேப்பில் இல்லாத யுயுஐடி-யோட ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்க. சரி செய்த பிறகு, கிரப்பின் கான்ஃபிக் ஃபைலுக்குப் பெயர் மாற்றிப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை நோட்டில் எழுதுங்க. பிளான்ட்டில் முதல்முறை சர்வர் படுக்கும்போது, உங்க கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.