நாணும் வெட்கமும்: ஒரு பொருண்மை ஆய்வு

'நாணம்' என்னும் சொல்லுக்கு 'வெட்கம்' எனப் பொருளுரைத்து அமைவது இன்றைய வழக்கு. இவ்வுரையைக் கொண்டு பழைய நூல்களைப் பயிலும் மாணவர், நாண் என்பதை மகளிர்க்குரிய கூச்சமாக மட்டுமே கொள்ள நேர்கிறது.

திருக்குறள் இச்சொல்லை இரண்டு அதிகாரத் தலைப்புகளில் ஆள்கிறது. பொருட்பாலில் 'நாணுடைமை' (102), காமத்துப்பாலில் 'நாணுத்துறவுரைத்தல்' (114). முன்னதன் முதற்குறளே (1011) தகாத செயல் கருதி நாணுவதையும் மகளிர் நாணையும் வேறுபடுத்திவிடுகிறது. பின்னதிலோ, மடலேறத் துணியும் தலைவன் தன்னிடம் முன்பு நாண் இருந்ததென்கிறான் (1133). ஆகவே அகத்திணையிலும் நாண் பெண்பாற்கே உரியதன்று. புறத்திணையில் இது மேலும் தெளிவு. வெண்ணிப் போரில் முதுகிற்பட்ட புண்ணுக்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் பாடும் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் இரண்டிலும் 'நாணி' என்னும் வினையெச்சமே வருகிறது. உயிர்விடத் தூண்டிய உணர்வை 'வெட்கப்பட்டு' என்று பெயர்த்தால் பொருள் சிறுத்துவிடும்.

'நாண்' கயிற்றையும் குறிக்கும். குறள் 1020 இவ்விரு பொருளையும் எதிரெதிர் நிறுத்துகிறது: அகத்தே நாண் இல்லாதவர் நாணால் ஆட்டப்படும் மரப்பாவை போல்வர். மொழிபெயர்ப்பில் முதலில் நழுவுவது இந்தச் சொல்விளையாட்டே.

'வெட்கம்' என்பதன் அடி 'வெட்கு'. இது 'வெள்கு' என்பதன் திரிபு. இன்று பழிக்கு அஞ்சும் பொருளை 'வெட்கக்கேடு', 'வெட்கங்கெட்டவன்' முதலியவற்றில் இச்சொல்லே சுமக்கிறது. 'நாணம்' மணமகள் வருணனையில் ஒதுங்கிவிட்டது. மலையாளத்தில் நிலை வேறு. அங்கு இழிவைக் குறிக்க 'நாணக்கேடு' என்பதே இன்றும் பேச்சுவழக்கில் உள்ளது. பாரதியார் 'புதுமைப்பெண்' பாடலில் மறுத்துரைத்த நாணும், பெண்ணுக்கென விதிக்கப்பட்ட அச்சத்தோடு இணைந்த நாணே; அதனைக் குறள் 1011 கூறும் முதல்வகை நாணுக்கு மறுப்பாகக் கொள்வது பொருந்தாது.

தொடரமைப்பும் கருதத்தக்கது. 'பேச வெட்கப்பட்டான்' என்புழிச் செயவென் எச்சம் செயலுக்கு முன்நிற்கும் தயக்கத்தைக் காட்டுகிறது. 'பேசியதற்கு வெட்கப்பட்டான்' என்புழி நான்காம் வேற்றுமை, செய்தபின் எழும் உறுத்தலைக் காட்டுகிறது. முன்னது கூச்சம்; பின்னதே குறள் 1011 சுட்டும் நாணுக்கு நெருங்கியது. அகராதிப் பதிவில் 'வெட்கம்' இவ்விரு தொடர்களுடனும் தனித்தனிப் பொருளாக இடம்பெற வேண்டும். 'நாண்' பதிவில் பழிக்கு அஞ்சுதலே முதற்பொருளாக நிற்க வேண்டும்.