சாட்சி சொன்ன பிறகு யார் போன் செய்வார்கள்?

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. “விசாரணைக் கமிஷன்னா நீதிபதி, வக்கீல், கட்டுக்கட்டா ஃபைல். அங்கே சைக்காலஜிஸ்டுக்கு என்ன வேலை சித்தி? அழறவங்களுக்குத் தண்ணி கொடுக்கிறதா?” என்று கேட்டிருக்கிறாய். கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு விசாரணைக்கு ஒரு பெண்ணோடு துணைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் வேண்டாம். சின்ன வயதில் விடுதியில் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்தவள் அவள். முதல் கேள்வியே, “எந்த வருஷம், என்ன தேதி?” அவளுக்குத் தேதி வரவில்லை. அன்று தரை கழுவிய பினாயில் வாசனை ஞாபகம் இருந்தது. சுவரில் பல்லி எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. “தேதி தெரியலைன்னா நான் எப்படிம்மா எழுதறது?” என்றார் கேட்டவர். அவர் பொல்லாதவர் இல்லை. அவர் கையில் இருந்த படிவம் அப்படி. வெளியே வந்தவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே, “நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாங்களாக்கா?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேரச்சத்தின் நடுவே மனம் நாட்குறிப்பு எழுதுவதில்லை. வாசனை, சத்தம், ஒரு மூலையின் வெளிச்சம் என்று பல சமயம் துண்டு துண்டாகத்தான் பதிந்து வைக்கிறது. சட்டம் கேட்பதோ வரிசை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் சாட்சி. உளவியலாளரின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

இங்கிலாந்து, வேல்ஸில் நடந்த சிறார் பாலியல் கொடுமை பற்றிய விசாரணையை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். 2015இல் சட்ட அதிகாரம் பெற்று, 2022 அக்டோபரில் இறுதி அறிக்கை தந்தது. தேவாலயங்கள், உறைவிடப் பள்ளிகள், சிறுவர் இல்லங்கள், உள்ளாட்சிகள் என எல்லாமே அதன் வரம்பில் வந்தன. ஆனால் தொடக்கமே தடுமாற்றம். தலைமை ஏற்க அறிவிக்கப்பட்ட முதல் இருவரும் அதிகார வட்டத்துக்கு நெருக்கமானவர்கள் என்று எதிர்ப்பு எழ, 2014லேயே விலகினார்கள். மூன்றாமவரும் 2016இல் போய்விட்டார். நாலாவதாக வந்த அலெக்சிஸ் ஜே சமூகப்பணித் துறைப் பேராசிரியர். ஒருமுறை நிறுவனங்களால் கைவிடப்பட்டவர்களிடம் இன்னொரு நிறுவனம் போய், எங்களை நம்புங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை. வாய்வார்த்தையில் அது நடக்காது.

அந்த விசாரணையின் பொது அமர்வுகள் 325 நாள் நடந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே ‘உண்மைத் திட்டம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, நிரூபிக்கச் சொல்வது கிடையாது. நேரில் வரலாம், போனில் பேசலாம், எழுதி அனுப்பலாம். 6,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சொன்னார்கள். நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் இதற்கு முன்னோடி. அங்கே 2013இல் சட்டத்தையே திருத்தி, ஆணையர்கள் தனி அறையில் அமர்ந்து கேட்க வழி செய்தார்கள். 2017இல் முடிவதற்குள் 8,000 பேருக்கு மேல் பேசிவிட்டார்கள். நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்லவே அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார். இருபத்துநாலு வருஷம் அடக்கி வைத்ததைக் கேட்க, அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க முடியுமா?

உண்மைத் திட்டம் நடந்தபோது, வருகிறவருக்கு முன்கூட்டியே துணைப் பணியாளர் ஒருவர் போன் செய்வார். அன்று அறையில் யார் இருப்பார்கள், எதைப் பற்றிக் கேட்பார்கள் என்றெல்லாம் சொல்லுவார். கூடவே யாரையாவது அழைத்து வரலாம். நடுவில் நிறுத்தலாம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது சொல்பவர் முடிவு. பேசி முடித்ததும் உடனே வழியனுப்பிவிடாமல் சற்று உட்கார வைத்துப் பேசுவார்கள். சில நாள் கழித்து மறுபடி ஒரு போன் வரும். இதையெல்லாம் வெறும் உபசாரம் என்று எண்ணிவிடாதே. கொடுமை நடந்தபோது அந்தக் குழந்தையிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது தெரிவு. வேண்டாம் என்ற சொல்லுக்கு அன்று மதிப்பே இல்லை. இங்கே அதற்கு மதிப்பு உண்டு என்பதை ஒவ்வொரு படியிலும் காட்டினார்கள். உளவியலாளர்கள் மேக்ஸீன் ஹாரிஸும் ராஜர் ஃபாலட்டும் 2001இல், மனக்காயத்தை உணர்ந்து நடக்கும் இந்த அணுகுமுறைக்கு வகுத்த ஐந்து கொள்கைகளில் தெரிவும் ஒன்று. பாதுகாப்பு, நம்பகத்தன்மை, சேர்ந்து செயல்படுதல், தன்வலிமை ஆகியவை மற்ற நான்கு. என்னைக் கேட்டால் தெரிவைத்தான் முதலில் வைப்பேன்.

பொது அமர்வுகளிலும் சாட்சியைப் பாதுகாக்க இடம் உண்டு. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விசாரணை விதிகளின்படி, சாட்சியிடம் பொதுவாக ஆணையத்தின் வழக்கறிஞரோ ஆணையத்தினரோதான் கேள்வி கேட்கலாம். மற்றத் தரப்பு வக்கீல்கள் தலைவரின் அனுமதி பெற வேண்டும். தேவைப்பட்டால் பெயருக்குப் பதில் குறியீட்டு எழுத்தும் எண்ணும் தருவார்கள். உளவியலாளர் இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால்தான் இன்னும் என்ன மாற்றலாம் என்று வக்கீல்களிடம் வாதாட முடியும். கதவோரம் டிஷ்யூ பெட்டியோடு நிற்பவரால் அது ஆகாது.

ஏற்பாடு இருந்தும் சறுக்கலாம். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தார்கள். 2018 மே மாதம் விசாரணை அமர்வுகள் தொடங்கியபோது முதல் நாட்களைக் குடும்பத்தாரின் நினைவஞ்சலிக்கே ஒதுக்கினார்கள். அருமையான முடிவு. ஆனால் இரண்டாம் நாள் ஓர் அஞ்சலிப் படத்தில் கோபுரம் எரியும் காட்சி போதிய முன்னறிவிப்பில்லாமல் திரையில் வந்துவிட்டது. பலர் அழுதபடி வெளியே ஓடினார்கள், ஒருவர் மயங்கி விழுந்தார், அமர்வு நின்றது. வழக்கறிஞர் மன்னிப்புக் கேட்டார். திரையில் வரப்போகும் ஒவ்வொரு காட்சியையும் முந்தின நாளே ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதுவும் உளவியலாளரின் பட்டியலில் சேர்ந்த வேலை.

ஒன்றில் மட்டும் நீ உறுதியாக இரு. எல்லாம் ரகசியமாக இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. இப்போது ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட தகவல்கள் காவல்துறைக்கும் பிற அமைப்புகளுக்கும் போயின. இந்த எல்லையைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடு. பாதியில் சொன்னால் அது இரண்டாவது துரோகம். இந்தத் துணை சிகிச்சை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல். நான்கைந்து போன் பேச்சில் யாருக்கும் காயம் ஆறிவிடாது. நீண்ட சிகிச்சைக்கு எங்கே போகலாம் என்ற முகவரி உன் கையில் இருக்க வேண்டும்.

தட்டச்சு செய்பவர், ஒலிப்பதிவை எழுத்தாக்குபவர், இரவெல்லாம் ஃபைல் படிக்கும் இளம் வக்கீல், இவர்களையும் மறக்காதே. கேட்டவர்களின் தூக்கமும் கெடும். உன்னுடையதும்தான்.

அடுத்த மாதம் கமிஷனில் இன்டர்ன்ஷிப் சேரப் போகிறாய். போன முதல் நாளே, சாட்சி சொன்னவருக்கு அடுத்த வாரம் யார் போன் செய்வார்கள் என்று கேள். அதற்கென்று ஒருவர் பெயர் இல்லாவிட்டால், பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி உன் பெயரை எழுதிக்கொள்.

அன்புடன்,
சித்தி